வேறொரு வாயின் அளவு

பிப்ரவரி 3

அன்புள்ள ஒண்ணு,

வந்து சேர்ந்தேன். பெட்டியின் கைப்பிடி பேருந்து நிலையத்திலேயே பிய்ந்துவிட்டது. கைக்குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு விடுதிவரை நடந்தேன். அம்மாவிடம் சொல்லாதே, "நான் அப்பவே சொன்னேன்" என்பாள்.

அறையில் இரண்டு கட்டில். பக்கத்துக் கட்டில்காரி தையல்காரி. ஏற்றுமதிச் சட்டைகளுக்குக் காலர் மட்டும் தைக்கிறாளாம். "ஆறு வருஷமா காலர்தான். முழுச் சட்டை எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு" என்றாள். சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி வழிந்துகொண்டிருக்கிறது. குடிநீர்ப் புகார் எழுதும் உன் அலுவலகத்தை நினைத்துக்கொண்டேன்.

வேலை பிடித்திருக்கிறது. பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாய் அச்சுகளை எங்கள் லேபுக்கு அனுப்புகிறார்கள். நாங்கள் அவற்றில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் செதுக்கி, செட் செய்து திருப்பி அனுப்புகிறோம். முதலாளிக்கு நான் வைத்திருக்கும் பெயர் கடைவாய். எப்போதும் எதையாவது ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருப்பார். ஊருக்கெல்லாம் பல் கட்டுகிற மனிதருக்கு இடது பக்கம் இரண்டு பல் இல்லை. முதல் நாளே சோதனை வைத்தார். ஒரு ஜோடி முன்பல் செதுக்கச் சொன்னார். உயிரைக் கொடுத்துச் செதுக்கினேன், ஒன்றின் நிழல் மற்றொன்று என்று சொல்லும்படி. கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கும்மா. பொய்ப்பல்னு பத்தடியிலேயே தெரிஞ்சிடும். எந்த வாயிலயாவது ரெண்டு முன்பல்லு ஒரே மாதிரி இருந்து பாத்திருக்கியா?" என்றார். ஒன்றின் ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டினார். சட்டென்று அது யாரோ ஒருவருடைய பல் ஆகிவிட்டது.

போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். அது அடித்தால் என் நெஞ்சு அதைவிட வேகமாக அடிக்கிறது. இனிக் கடிதம்தான்.

ஊரில் நம் டாக்டரம்மா எழுதிய குறிப்பேட்டையும் அந்த மரபணுச் சோதனைத் தாளையும் இங்குள்ள மனநல டாக்டரிடம் காட்டினேன். தாளைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். "மூணு வருஷமா ஒவ்வொரு மாத்திரையா போட்டுப் பாத்திருக்கீங்க. எந்த மருந்தை உங்க உடம்பு எவ்வளவு வேகத்துல கரைக்கும்னு இதுல இருக்கு. ஒத்துக்கறது பச்சைக் கட்டத்துல இருக்கும், அதுல ஒண்ணுல ஆரம்பிப்போம்" என்றார். சின்ன வெள்ளை மாத்திரை. பாதியில் தொடங்கி முழுசுக்குப் போக வேண்டுமாம்.

அந்தச் சோதனைக்காகப் பஞ்சுக் குச்சியை நீ என் வாயில் விட்டதுகூட எனக்கு நினைவில்லை. ஏழு நாள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தேன் என்கிறாள் அம்மா. தூங்கும்போது எடுத்துவிட்டேன் என்றாயே. வாயைத் திறந்து தூங்குவதிலும் ஒரு லாபம் இருக்கிறது.

உன் உடைந்த முன்பல்லுக்கு மேலே மாட்டும் ஒரு கேப் செய்யப்போகிறேன். ஒன்பது வயதில் நீ குழாயடியில் விழுந்து அதை உடைத்துக்கொண்ட நாளோடு பள்ளியில் நம் ஆள்மாறாட்டத் தொழில் படுத்துவிட்டது. அளவெடுக்க நீ இவ்வளவு தூரம் வர வேண்டாம். என் வாய்தான் இருக்கிறதே.

உன்,
ரெண்டு

பிப்ரவரி 12

அன்புள்ள ரெண்டு,

அம்மா உறையைக் கையில் வைத்து எடைபார்த்துவிட்டு, "நிறைய எழுதிருக்கா. நல்லாத்தான் இருக்கா" என்றாள். படித்துக் காட்டினேன், கைப்பிடியை மட்டும் விட்டுவிட்டு. "அன்புள்ள ஒண்ணு" என்று தொடங்கியதுமே அவளுடைய வழக்கமான பாட்டு: "பதினோரு நிமிஷம் மூத்தவ. ஒரு தடவ அக்கான்னு எழுதுனா பேனா உடைஞ்சிடுமா?" நானும் வழக்கம்போல, "எது ஒண்ணு, எது ரெண்டுன்னு உனக்கே நிச்சயமா தெரியுமா?" என்றேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பிறந்த வாரம் ஒரு குழந்தையின் கால் நகத்தில் சிவப்புச் சாயம் பூசி, அது குளிப்பாட்டலில் கரைந்துபோனதும் குத்துமதிப்பாக மறுபடி பூசியவள் அல்லவா.

அலுவலகம் அப்படியேதான் இருக்கிறது. குடிநீர் வரவில்லை, கலங்கலாக வருகிறது, நாற்றம் அடிக்கிறது என்று காலையிலிருந்து மாலைவரை காதில் ஊற்றுகிறார்கள். நேற்று ஒருவர் கூப்பிட்டு, "தண்ணி நல்லா வருதுங்க, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றார். நான்கு வருடத்தில் முதல் ஆள். பாராட்டை எழுத எங்களிடம் பதிவேடு கிடையாது. புகார் என்றே எழுதிக்கொண்டேன்.

மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே. மூன்று வருடத்தில் ஐந்து மருந்து. ஒன்று உன்னை எழவே விடவில்லை, இன்னொன்று தூங்கவே விடவில்லை. எல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடியது. இந்த முறை கையில் தாள் இருக்கிறது. நீ மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டால் அதைத் தாங்க இந்த வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. எனக்கு நிச்சயமாக இல்லை.

கேப்பைச் சீக்கிரம் செய். பல்லைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மறுபடி ஒன்றுபோல ஆவோமே என்றுதான்.

உன்,
ஒண்ணு

மார்ச் 8

அன்புள்ள ஒண்ணு,

இந்தத் தீப்பெட்டிக்குள் பஞ்சில் படுத்திருப்பதுதான் உன் பல். உடைந்த முனையின்மேல் மாட்டிப் பார். இது வெள்ளோட்டம்தான். சரியாக உட்கார்ந்தால் நிரந்தரமாக ஒன்று செய்கிறேன். கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு என் பல்லைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். கடைவாய் பின்னால் வந்து நின்று, "என்னம்மா, உனக்கே கட்டிக்கறியா?" என்றார். "எங்கக்காவுக்கு" என்றேன். பார்த்தாயா, வெளியாளிடம் அக்கா என்றுதான் சொல்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதே.

அதைச் செய்ய நான்கு நாள் ஆயிற்று. ஒரு மணி நேர வேலை அது. என் கை நடுங்குகிறது. முதலில் மேசைதான் ஆடுகிறது என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவரிடம், "மிஷின் ஓடுதா?" என்று கேட்டேன். "இன்னிக்கு மிஷினே போடலயே" என்றார். போன வாரம் ஒரு பெரியவரின் கீழ்ப்பல் செட்டைக் கீழே போட்டுவிட்டேன். அது உருண்டு போய்க் கடைவாயின் காலடியில் வாயைப் பிளந்து கிடந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கை மட்டும் நிற்கவில்லை.

வாய் காய்ந்துபோகிறது. மாடி ஏறினால் நெஞ்சு தொண்டைக்கு வந்துவிடுகிறது. டாக்டரிடம் சொன்னேன். தாளை எடுத்துப் பார்த்தார். "இது உங்களுக்கு ஒத்துக்கற மருந்துதான். உடம்பு பழகணும்" என்று பாதியை முழுசாக்கினார்.

பழகிக்கொள்கிறேன். எனக்கு இந்த வேலை வேண்டும், ஒண்ணு. மெழுகு கத்திக்கு வழிவிட்டு நகர்கிறபோது தலைக்குள் எந்தச் சத்தமும் இருப்பதில்லை. மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த அமைதி அது ஒன்றுதான்.

ரெண்டு

மார்ச் 17

அன்புள்ள ரெண்டு,

உன் பல் என் வாயில் உட்காரவில்லை! ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, பக்கத்துப் பல்லோடு சண்டைக்கு நிற்கிறது. நிறமும் வேறு. அது பால் மாதிரி இருக்கிறது, என் பல் அலுவலக டீயில் ஊறிய பல். மாட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். "ஐயோ, எடுத்துடு, பயமா இருக்கு" என்றாள். பிறகு உன்னை விட்டுக்கொடுக்க மனசில்லாமல், "தபால்ல வெயில் பட்டு நெளிஞ்சிருக்கும். அவ கை வேலை தப்பாது" என்றாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இல்லையென்றால் கை நடுங்கியபோது எங்கோ விலகியிருக்கும். பரவாயில்லை, இன்னொரு முறை செய்.

நடுக்கத்தைப் பற்றி அம்மாவிடம் பாதிதான் சொன்னேன். அதற்கே, "அவளுக்கும் இதே உடம்புதானே? இவ நிக்கலையா, போகலையா, வரலையா? கொஞ்சம் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தா அவளும் நிப்பா" என்றாள். அம்மாவின் பேச்சு முரட்டுத்தனமாக இருந்தாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. நீ நிற்பாய். பொறுத்துக்கொள். தாள் பச்சை என்கிறது.

உன்,
ஒண்ணு

ஏப்ரல் 4

ஒண்ணு,

என் எழுத்தைப் பார். உன்னால் படிக்க முடிகிறதா? இதுவும் நாடகம் என்று அம்மா சொல்வாளா?

நேற்று டாக்டரிடம் மறுபடி போனேன். "கைய நீட்டுங்க" என்றார். நீட்டினேன். அவர் மேசையில் இருந்த காகிதம்கூட ஆடியது. "பதற்றம் அதிகமா இருக்கு" என்றார். "டாக்டர், இது பதற்றம் இல்ல. பதற்றத்தை எனக்கு மூணு வருஷமா தெரியும். இது வேற யாரோ" என்றேன். குறித்துக்கொண்டார். பேனா ஓடிய விதத்திலேயே தெரிந்தது, நான் சொன்னதை நோயின் கணக்கில் எழுதுகிறார் என்று. "ரிப்போர்ட்படி பாத்தா இந்த அளவு உங்களுக்கு ஒண்ணும் பண்ணாது" என்றார்.

எல்லோரும் அந்தத் தாளைத்தான் பார்க்கிறார்கள். நான் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் தாள் தப்பாக இருக்க வழியுண்டா? கூரியரில் மாறியிருக்குமா? நீதானே அனுப்பினாய், உனக்குத்தானே தெரியும். நீ ஒரு வார்த்தை சொன்னால் நாளையிலிருந்து மாத்திரையை நிறுத்திவிடுவேன்.

ரெண்டு

ஏப்ரல் 9

அன்புள்ள ரெண்டு,

தாள் தப்பாக இருக்க வழியில்லை. எதுவும் மாறவில்லை. என் கையாலேயே குழாயில் போட்டு, உன் பெயரைச் சரிபார்த்து, ஒட்டிக் கொடுத்தேன். எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்று கேட்காதே. சொல்கிறேன், நம்பு.

மாத்திரையை நிறுத்தாதே. போன முறை நீயாக நிறுத்திய பிறகு என்ன நடந்தது என்று உனக்கு நினைவில்லை, எனக்கு இருக்கிறது. குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை அம்மா இன்னும் திரும்ப மாட்டவில்லை. இன்னும் ஒரு மாதம் மட்டும், எனக்காக. மே வந்தால் நானே விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து உன்னோடு டாக்டரிடம் உட்கார்கிறேன்.

சாப்பிடு. அந்தக் காலர்க்காரியை என் சார்பில் உன்னை மிரட்டச் சொல்.

உன்,
ஒண்ணு

மே 2

அன்புள்ள ஒண்ணு,

எழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. நான் சொல்லச் சொல்லப் பக்கத்துக் கட்டில் தையல்காரி எழுதுகிறாள். (ஆமாங்க, நான்தான். தப்பு இருந்தா என்னுது. மிரட்டச் சொன்னீங்கன்னு சொன்னா, மிரட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.)

நீயும் அம்மாவும் ஊர் போய்ச் சேர்ந்த தகவல் வந்தது. கட்டு பாதி பிரித்தாயிற்று. சுண்டுவிரலும் மோதிரவிரலும் பிழைத்துக்கொண்டன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் தோல் இழுத்துப் பிடித்துக்கொண்டு மடங்க மறுக்கின்றன. கத்தி பிடிக்கிற விரல்கள் அவை இரண்டும்தான். லேபில் மயங்கி விழுகிறவள், மெழுகு உருக்கும் சூடேறிய தட்டின்மேல் வலது கைக்குப் பதில் இடது கையை ஊன்றியிருக்கக் கூடாதா என்று கடைவாய் கேட்டார். கேட்டுவிட்டு அவரே அழுதார். (இவ அழலீங்க. எனக்குத்தான் அது கவலையா இருக்கு.)

வெள்ளை மாத்திரையை ஆஸ்பத்திரியிலேயே நிறுத்திவிட்டார்கள் அல்லவா, நடுக்கம் பெருமளவு நின்றுவிட்டது. நெஞ்சின் ஓட்டமும் ஒழுங்காகிவிட்டது. நிறுத்தியதும் நின்றுவிட்டதே, அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று டாக்டரைக் கேட்டேன். "அதான் எனக்கும் புரியல" என்றார். முதல் தடவையாகத் தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

ஆறு நாள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். தினமும் ஏதோ சொல்ல வாயெடுத்தாய். பழம் நறுக்கித் தரட்டுமா என்று கேட்டு முடித்துக்கொண்டாய். உன் முகம் எனக்குத் தெரியாதா? அது என் முகமும்தானே. என்ன அது, எழுது.

ரெண்டு (கையெழுத்து அவளே போட்டது, இடது கையால.)

மே 9

என் ரெண்டுக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட வேண்டும்.

அந்தப் பஞ்சுக் குச்சி உன் வாய்க்குள் போகவே இல்லை.

அன்று நான்கு மணிக்குக் கூரியர்காரர் வருவதாக இருந்தது. கன்னத்தின் உட்புறம் அரை நிமிடம் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். நீ பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாய். "வாயத் திறடி கண்ணு, ஒரே நிமிஷம்" என்று அம்மா கெஞ்சினாள். நீ சுவரைப் பார்த்தே சொன்னாய்: "விடுங்க. என் வாய் மட்டுமாவது என்னுதா இருக்கட்டும்." அம்மா வெளியே போய் நின்று அழுதாள். மூன்றே முக்காலுக்கு நான் சமையலறைக்குப் போனேன். வாயைக் கொப்பளித்தேன். குச்சியை என் கன்னத்தில் தேய்த்து, உன் பெயர் எழுதிய குழாயில் போட்டு மூடினேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. தூக்கத்தில் எடுத்தேன் என்றுதான் அவளுக்கும் சொன்னேன்.

அப்போது எனக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை. ஏழு வயதில் என் ஊசியையும் சேர்த்து நீயே போட்டுக்கொண்டு இரண்டு கையும் வீங்கி நின்றாய். பத்தாம் வகுப்பில் நீ காய்ச்சலில் கிடந்தபோது உன் வாய்மொழித் தேர்வை நான் சொன்னேன், வெளியூர்த் தேர்வாளருக்கு என் உடைந்த பல்லைத் தெரியாது. ஒரே கருவில் பிரிந்தவர்கள் நாம். உன் வாய் என்ன, என் வாய் என்ன? ரத்தம் ஒன்று, தாளும் ஒன்றாகத்தான் வரும். இந்த நிமிடமும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் மாத்திரையை நிறுத்தியதும் உன் நடுக்கம் நின்ற நாளிலிருந்து நம்பிக்கை என் தொண்டையில் சிக்கிக்கொண்டிருக்கிறது. இந்தக் கடிதத்தை டாக்டரிடம் காட்டு. உன் வாயில் எடுக்கச் சொல்.

இன்னொன்றும் உண்டு. இதை எழுதாவிட்டால் மேலே எழுதியது பாதிப் பொய்யாகிவிடும்.

உனக்கு உடம்பு சரியில்லாமல் போன நாளிலிருந்து, காலையில் கண் விழித்ததும் எழாமல் கொஞ்ச நேரம் படுத்திருப்பேன். அது எனக்குள்ளும் வந்துவிட்டதா என்று பார்ப்பேன். கையை அசைக்க மனசு வருகிறதா, சன்னல் வெளிச்சம் பிடிக்கிறதா என்று. உனக்கு வந்தது எனக்கு வராமல் எப்படி இருக்கும், பதினோரு நிமிடம்தானே வித்தியாசம். குச்சியை வாயில் வைத்தபோது உன்னை மட்டும் நினைத்து வைக்கவில்லை. நாளை எனக்கும் வந்தால் எனக்குப் பச்சையில் ஒரு மருந்தாவது இருக்குமா என்று தெரிய வேண்டியிருந்தது. உறை வந்ததும் நான்தான் பிரித்தேன். பச்சைக் கட்டத்தைப் பார்த்து அழுதேன். உனக்காக அழுகிறேன் என்று அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

ஏப்ரலில் நீ கேட்டாய், தாள் தப்பாக இருக்க வழியுண்டா என்று. அன்று ஒரு வரி எழுதியிருந்தால் உன் விரல்கள் மடங்கியிருக்கும். அலுவலகத்தில் தினமும் அறுபது பேரின் புகாரைக் கேட்டு, நம்பி, எழுதி, ஆளை அனுப்புகிறேன். உன் புகாரை மட்டும் பதியவில்லை.

மன்னி என்று கேட்கும் தைரியம் வரவில்லை. பதில் எழுது, திட்டியாவது.

ஒண்ணு

ஜூன் 1

அன்புள்ள ரெண்டு,

மூன்று வாரம் ஆகிறது. விடுதி ஆபீசுக்குப் போன் செய்தேன். நீ வேலைக்குப் போகிறாய், சாப்பிடுகிறாய் என்றார்கள். அதுபோதும் என்று சொல்லிப் பார்த்தேன், போதவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு, "நான் வாயத் திறக்க வெச்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். அன்று மாலை குளியலறைத் தாழ்ப்பாளை எடுத்து மறுபடி மாட்டினாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. 

ஒரு வெற்றுத் தாளையாவது உறையில் போட்டு அனுப்பு.

ஒண்ணு

ஜூன் 24

ரெண்டு,

இன்றும் தபால்காரர் தெருமுனையோடு திரும்பிவிட்டார்.

ஒண்ணு

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். இந்த எழுத்துக்கு இன்னும் வயது ஆறுதான், பொறுத்துக்கொண்டு படி.

உன் மூன்று கடிதமும் கிடைத்தன. மே கடிதத்தைப் படித்த மறுநாளே டாக்டரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாள் யாருதுன்னு நான் கேட்டிருக்கணும். அதைவிட, நீங்க கைய நீட்டினப்போ கையப் பாத்திருக்கணும்" என்றார். இப்படிச் சொல்லும் டாக்டரை நான் பார்த்ததில்லை. அதனால் அவரிடமே தொடர்கிறேன். அங்கேயே புதுக் குச்சியைக் கொடுத்தார். நானே என் கன்னத்தில் தேய்த்துக்கொண்டேன். அரை நிமிடம் எவ்வளவு நீளம்!

தாள் வந்தது. வெள்ளை மாத்திரை எனக்குச் சிவப்புக் கட்டத்தில் இருக்கிறது. அதைக் கரைக்கிற வேலையை என் உடம்பு ஏறக்குறையச் செய்வதே இல்லையாம். "நேத்துப் போட்டது போறதுக்குள்ள இன்னிக்குப் போட்டது வந்து உக்காந்துக்கும். அப்படியே சேந்துக்கிட்டே போயிருக்கு" என்றார். உனக்குச் சாதாரண அளவாக இருப்பது எனக்குள் மூன்று மடங்காகிவிடுமாம்.

பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே கருவில் பிரிந்தவர்களாக இருந்தால் இவை ஒன்றாக இருக்க வேண்டும், இல்லை என்றார். மரபணுச் சோதனை லேபுக்குச் சொல்லி மறுபடி பார்க்கச் சொன்னார். மறுபடியும் அப்படியேதான் வந்தது. "நீங்க ஒரே நாள்ல பிறந்த அக்கா தங்கச்சி. முகம் ஒத்துப்போச்சு, அவ்வளவுதான்" என்றார். நான் சிரித்துவிட்டேன். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். எது எதற்கு என்று பிரிக்கத் தெரியவில்லை.

பதில் எழுத ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பாய். எழுத எழுதக் கோபம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. அது ஓரிடத்தில் நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.

குச்சியை உன் வாயில் வைத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. அந்தத் தப்பை என்னாலும் செய்ய முடியும், செய்தேன். தினமும் பத்து வாய் அளவைப் பார்க்கிறவள், இரண்டு முன்பல்கூட ஒன்றுபோல இருக்காது என்று முதல் நாளே பாடம் கேட்டவள், உன் பல்லுக்குக் கண்ணாடியில் என் பல்லைப் பார்த்து அளவெடுத்தேன். அது பொருந்தவில்லை என்று நீ எழுதியபோது நாம் எல்லோரும் வெயிலைக் குறை சொன்னோம். பதில் அந்தத் தீப்பெட்டியிலேயே இருந்திருக்கிறது. எனக்கு வந்தது உனக்கும் வந்துவிட்டதா என்று தினமும் பயந்து விழித்தாயே, அதற்கும் கோபம் இல்லை. அதைப் படித்தபோது உன் தலையைத் தடவ வேண்டும் போலத்தான் இருந்தது.

கோபம் ஏப்ரல் கடிதத்தின்மேல் வந்து நின்றுவிட்டது. என் கை நடுங்குகிறது என்று நடுங்கும் கையாலேயே எழுதினேன். நீ ஒரு தாளை நம்பினாய். அதுவும் உன்னுடைய தாள்.

அக்கா, உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கெட்டுப்போன நீதான் நான் என்று மூன்று வருடமாக நினைத்திருந்தேன். அதே உடம்பு, அதே ரத்தம். அந்த உடம்பு எழுந்து தலைவாரி வேலைக்குப் போகிறது, நான் மட்டும் படுத்திருக்கிறேன். அப்படியானால் இது நோயில்லை, என் திமிர். "இவ நிக்கலையா" என்று அம்மா கேட்பதற்கு முன்னாலேயே நான் என்னைத் தினமும் கேட்டிருக்கிறேன். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். அதனால்தான் சுவரைப் பார்த்துப் படுத்தேன். நீ எப்போதும் அறையின் மறுபக்கம்தான் நிற்பாய்.

இப்போது இந்தத் தாள் இருக்கிறது. நீ வேறு, நான் வேறு. நீ நிற்பதற்கும் நான் விழுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது உனக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும். எனக்கும் இழப்புதான். ஆனால் எழுந்து உட்கார எனக்கு இது வேண்டியிருக்கிறது.

புது மருந்து தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. மிகச் சின்ன அளவு. "இந்தத் தாள் ஜோசியம் இல்ல. எது உங்களைக் காயப்படுத்தும்னு சொல்லும், எது குணமாக்கும்னு சொல்லாது. அதை நீங்கதான் சொல்லணும், நான் கேக்கறேன்" என்றார் டாக்டர். நன்றாகிவிட்டது என்று எழுத மாட்டேன். காலையில் பல் தேய்க்கிறேன். சில நாள் மதியம்வரை சமாளிக்கிறேன்.

விரல்கள் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். கத்தி பிடிக்க முடியாது. கடைவாய் என்னை அனுப்பவில்லை. பிளாஸ்டர் கலக்கவும் நிறம் பார்க்கவும் வைத்திருக்கிறார். நோயாளியின் பல்லோடு பதினாறு மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எது அந்த வாயின் நிறம் என்று சொல்ல வேண்டும். கண் வேலைதான். மெழுகு கத்திக்கு வழிவிடுகிற அந்த அமைதி இதில் இல்லை. யாராவது செதுக்கும்போது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன்.

ஒரு உதவி கேட்கிறேன். இனி நானாக எழுதும்வரை எனக்கு எழுதாதே. எவ்வளவு நாள் என்று தெரியாது. அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன், அதைப் படித்துக்கொள், பதில் மட்டும் வேண்டாம். எந்த முடிவெடுத்தாலும் உன் முகம் முன்னால் வந்து நிற்கிறது. அது இல்லாமல் கொஞ்ச காலம் இருந்து பார்க்க வேண்டும். அம்மாவிடம் சொல், அக்கா என்று எழுதிவிட்டேன், பேனா உடையவில்லை என்று.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள் நீ குனிந்து பழம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, வேறு வேலையில்லாமல் உன் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முன்பல் என்னுடையதைவிட அகலம். வலது ஓரத்தில் சற்றே திரும்பியிருக்கிறது. நிறம் இரண்டு படி மங்கல். டீயால் வந்ததில்லை அது, பல்லே அந்த நிறம்தான். இருபத்தாறு வருடம் எதிரில் இருந்தும் நான் பார்க்கவில்லை.

தீப்பெட்டியில் வந்ததைத் தூக்கிப் போட்டுவிடு. அங்கேயே ஒரு நல்ல பல் டாக்டரிடம் போ. வாயைத் திறந்து காட்டு. உன் வாயில் அளவு எடுக்கட்டும்.

தங்கை